பழைய வண்டியின் நாடி

மோட்டார் வண்டி முதுமை அடையும்போது அதன் இயந்திரத்தைப் பற்றியே உடையவர் பெரிதும் கவலை கொள்வர். புகை கக்கினால் அஞ்சுவர். காலையில் கிளம்ப மறுத்தால் சினப்பர். ஆனால், இயந்திரம் பழுதுற்ற வண்டி வழியில் நின்றுவிடும்; அவ்வளவே. சில்லும் சுக்கானும் வில்லும் பழுதுற்ற வண்டியோ நிற்பதில்லை. அது ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும்போதே ஆளைக் கவிழ்த்துவிடும். ஆதலால், பழைய வண்டியின் நடையிலே தோன்றும் குற்றத்தைக் கண்டறிதல் வண்டிப் பிரியர்களின் பொழுதுபோக்கு மட்டுமன்று. உயிர் காக்கும் அறிவுமாகும்.

இவ்வறிவு கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று வன்னிப் பெருநிலம். கிளிநொச்சி மாவட்டத்தில், அக்கராயன் குளத்துப் பக்கத்தே, வயலும் தோட்டமும் சூழ அமைந்த ஊர் ஸ்கந்தபுரம். 1996 ஆம் ஆண்டிலே கிளிநொச்சி நகரை விட்டு இடம்பெயர்ந்த மக்கள் பெருந்தொகையாக இப்பக்கத்தில் வந்து தங்கினர். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்கு எரிபொருளும் உதிரிப்பாகங்களும் செல்வதற்கு 1990 முதல் 2002 வரையிலான காலத்தில் கடுந்தடை இருந்தது. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் வண்டியை ஓட்டிய வரலாற்றை அக்காலத்தில் வாழ்ந்தோர் யாவரும் அறிவர். ஒஸ்ரின் கேம்பிறிஜ், ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்களே அதற்கு இசைந்தன. அவற்றின் இயந்திரங்களில் அமுக்கம் குறைவு. நுட்பமான மின்னணுக் கருவிகளும் இல்லை. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றதும் அவை. நெல்மூட்டையைச் சந்தைக்கு ஏற்றிச் சென்றதும் அவையே.

மண்ணெண்ணெயின் கதை பலரும் சொல்வது. அதன் மறுபாதியோ அதிகம் பேசப்படாதது. பெற்றோலுக்கு ஈடாக மண்ணெண்ணெயை ஊற்றலாம்; தேய்ந்த சில்லுமுனைக்கு ஈடாக எதனை ஊற்றுவது? உதிரிப்பாகம் மலிந்த ஊரிலே, ஐயம் வந்தால் ஒரு பாகத்தை மாற்றிப் பார்ப்பர்; குற்றம் தீராவிட்டால் அடுத்ததை மாற்றுவர். பாகம் கிடைப்பதே அரிதான ஊரில் அவ்வழி அடைபட்டுவிடும். அங்கே மாற்றுவதற்கு முன் அறிந்தாக வேண்டும். பழைய வண்டி வைத்திருப்போர் எல்லோரும் கைக்கொள்ள வேண்டிய முறையும் இதுவேயாகும்.

இவ்வண்டிகளின் அமைப்பைச் சிறிது அறிதல் நலம். மொறிஸ் மைனர் 1948 இல் இலண்டன் மோட்டார் கண்காட்சியில் வெளிவந்தது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். 1959 இல் வெளிவந்த மினி என்னும் சிறு காரை வகுத்தவரும் அவரே. மைனரின் முன்பக்கத்தைத் தாங்குவது சுருள்வில் அன்று. வண்டியின் நீளவாட்டில் கிடக்கும் உருக்குக் கோல்களாம். சில்லு மேலே எழும்போது கோல் முறுகும். முறுக்கு மீளும்போது சில்லு கீழே இறங்கும். பின்பக்கத்தில் இருப்பது வில்லுவண்டியில் உள்ளதைப் போன்ற தகட்டுவில். சுக்கானைத் திருப்பினால், சிறிய பற்சில்லொன்று பற்கள் வெட்டிய சட்டத்தை இடமும் வலமும் நகர்த்தும். அச்சட்டம் சில்லுகளைத் திருப்பும்.

1958 இல் வெளிவந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்னும் ஈராசன விளையாட்டுக் காருக்கும் மைனரின் சுக்கான் அமைப்பே எடுத்தாளப்பட்டது. அதன் முன்சில்லுத் தாங்கும் அமைப்பு ஒஸ்ரின் ஏ35 என்னும் குடும்பக் காரிலிருந்து வந்தது. ஆகவே, நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்கு வரும் பழைய விளையாட்டுக் காருக்கும், ஸ்கந்தபுரத்திலே நெல்மூட்டை ஏற்றும் பழைய காருக்கும் உறுப்புகள் உறவானவை; வரும் நோய்களும் பெரும்பாலும் ஒன்றே.

இனி, ஒரு காட்சியை மனக்கண்முன் கொண்டுவரலாம். மரநிழலில் அமைந்த சிறு கராஜ் ஒன்றுக்கு மைனர் ஒன்று வந்து நிற்கிறது என்று கொள்க. ஓட்டிவந்தவர் இறங்கும்போதே தீர்ப்பையும் சொல்லிவிடுகிறார்: "அண்ணை, சுக்கான் முடிஞ்சுது. நாப்பது மைலிலை வண்டி அங்கையும் இங்கையும் அலையுது. கொழும்பிலை ஒரு சுக்கான் சட்டம் விலைக்கு இருக்காம். எடுப்பமோ?"

கராஜ்காரர் சாவியைத் தொடுவதில்லை. கேள்வி ஒன்றையே கேட்கிறார்: "தம்பி, எப்ப அலையுது? காலை அமத்தேக்கையோ, எடுக்கேக்கையோ, பிறேக் பிடிக்கேக்கையோ?"

நோய் காண்பதின் முதற்படி இதுதான். பிறேக் பிடிக்கும்போது மட்டும் வண்டி ஒரு பக்கம் இழுக்குமாயின், குற்றம் பெரும்பாலும் பிறேக்கிலேயே இருக்கும். ஒரு பக்கத்துப் பிறேக் கட்டையில் எண்ணெய் கசிந்திருக்கலாம். குறித்த ஒரு வேகத்தில் மட்டும் சுக்கான் நடுங்குமாயின், சில்லின் சமநிலையைப் பார்த்தல் வேண்டும். பள்ளத்தில் விழுந்து எழுந்த பின்னர் வண்டி நெடுநேரம் ஆடுமாயின், அதிர்வு தாங்கி தளர்ந்திருக்கும். ஓட்டுபவர் சற்றுச் சிந்தித்து விடை கூறுகிறார்: காலை அழுத்தினால் வண்டி இடப்பக்கம் சாய்கிறது, எடுத்தால் வலப்பக்கம் சாய்கிறது.

இரண்டாவது படி, நிலத்தைத் தொடும் உறுப்பிலிருந்து தொடங்குதல். நான்கு ரயர்களும் ஓட்டுபவர் அறியாமல் எழுதிவைத்த நாட்குறிப்புகள் போன்றவை. இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சில்லு சரிந்து நிற்கிறது. கையால் குறுக்கே தடவும்போது வாளின் பல்போல் ஒரு திசையில் உறுத்துமாயின், முன்சில்லுகள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கும் அளவு பிழைத்துவிட்டது. மைனரில் அவ்வளவு ஓர் அங்குலத்தின் எட்டிலொரு பங்கையும் எட்டாதது. ஆயினும் அது தவறினால் ரயர் விரைவில் அழியும். ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் அதிர்வு தாங்கியை ஐயுற வேண்டும்.

கராஜ்காரர் காற்றைச் சரிபார்த்துச் சுமார் 22 இறாத்தலுக்குக் கொண்டுவருகிறார். முன்சில்லுகளைப் பக்கம் மாற்றிப் பூட்டி, வந்த வழியிலேயே மீண்டும் ஓட்டிப் பார்க்கிறார். சாய்வு பக்கம் மாறினால் குற்றம் ரயரினது. மாறாவிட்டால் ரயர் குற்றமற்றது. இங்கே சாய்வு மாறவில்லை. ஒரு வேளைக்கு ஒரு மாற்றம், அதன் பின் அதே வீதியில் அதே வேகத்தில் ஓட்டம் என்பது அவரது விதி. இரண்டை ஒருங்கே மாற்றியவர், எது குணப்படுத்தியது என்பதை ஒருபோதும் அறியார்.

மூன்றாவது படி, சில்லை உயர்த்தி அசைத்துப் பார்த்தல். சில்லின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டும்போது தளர்ச்சி தெரிந்தால், ஒருவர் பிறேக்கை மிதித்திருக்க மீண்டும் ஆட்டுதல் வேண்டும். தளர்ச்சி மறைந்தால் தேய்ந்தது சில்லின் பெயறிங். மறையாவிட்டால் தேய்ந்தது சில்லைத் தாங்கித் திருப்பும் சுழல்முனை. இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது தளர்ச்சி தெரிந்தால், சுக்கான் கோலின் மூட்டுகளை ஐயுறலாம். இந்த வண்டியில் இவை யாவும் இறுக்கமாகவே உள்ளன.

நான்காவது படி அதிர்வு தாங்கி. வண்டியின் ஒவ்வொரு மூலையையும் அழுத்தி விடும்போது, அது ஒருமுறை எழுந்து அமைதல் வேண்டும். தொட்டில்போல் ஆடினால் அது சோர்ந்துவிட்டது. மைனரிலும் ஸ்பிறைற்றிலும் உள்ளவை எண்ணெய் நிரப்பப்பட்ட கைபோன்ற தாங்கிகள். முன்பக்கத்தில் அக்கையே சில்லை மேலிருந்து பிடித்து நிற்கும் உறுப்புமாகும். எனவே அதன் ஆணிகள் தளர்ந்தால் வண்டி ஆடுவது மட்டுமன்றி, சில்லும் சரியும். எண்ணெய் குறைந்திருந்தால் நிரப்பலாம். ஆனால் மூடியைத் திறக்குமுன் சுற்றியுள்ள புழுதியை நன்கு துடைத்தல் வேண்டும். கிரவல் வீதிப் புழுதி உள்ளே விழுந்தால் மருந்தே நஞ்சாகிவிடும்.

இவ்வளவும் பார்த்த பின்னும் குற்றம் அகப்படவில்லை. அப்போது கராஜ்காரர் எடுப்பது விலையுயர்ந்த கருவியொன்றையன்று; ஒரு நூற்கயிற்றையே. முன்சில்லுகளை நேராக நிறுத்தி, முன்சில்லின் நடுவிலிருந்து பின்சில்லின் நடுவரை இரு பக்கமும் அளக்கிறார். வலப்பக்கம் மைனருக்குரிய 86 அங்குலம் சரியாக உள்ளது. இடப்பக்கம் அரை அங்குலம் குறைகிறது. படுத்து, கீழே விளக்கடித்துப் பார்க்கிறார். இடப்பக்கத்துப் பின்னச்சைத் தகட்டுவில்லோடு பிணிக்கும் வளைந்த ஆணிகள் தளர்ந்துவிட்டன. தகடுகளின் நடுவே நின்று அச்சை இடத்தில் நிறுத்தும் சிற்றாணி அறுந்துவிட்டது. காலை அழுத்தும்போது அந்தப் பக்கத்து அச்சு முன்னே தள்ளப்படுகிறது. எடுக்கும்போது பின்னே இழுபடுகிறது. பின்சில்லுகளே வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தன. சுக்கான் வீண்பழி சுமந்தது!

ஆணியொன்று புதிதாக இடப்படுகிறது. வளைந்த ஆணிகள் இறுக்கப்படுகின்றன. நூறு மைல் ஓடிய பின் மீண்டும் இறுக்கும்படி சொல்லப்படுகிறது. கொழும்புச் சுக்கான் சட்டம் வாங்கப்படவில்லை. அது வாங்கப்பட்டிருந்தால் பணம் போயிருக்கும் என்பது சிறிய இழப்பு. "புதுச் சுக்கான் போட்டாயிற்று, இனி அச்சமில்லை" என்று எண்ணி, குளக்கட்டின் மேலே அதே வண்டியை விரைந்து ஓட்டியிருப்பாரே, அதுதான் பெரிய இடர். குளக்கட்டு வீதியில் ஒரு பக்கம் நீர், மறுபக்கம் பள்ளம்; அலையும் வண்டிக்கு அங்கே இடமில்லை.

அறிகுறி தோன்றும் இடம் வேறு, நோயின் இடம் வேறு என்பதே இக்காட்சி தரும் பாடம். கை உணர்வது சுக்கானை. அதனால் மனம் சுக்கானையே குற்றஞ்சாட்டுகிறது. சில்லிலிருந்து தொடங்கி ஒழுங்காக உள்ளே செல்பவருக்கு இந்த மயக்கம் நேர்வதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. மைனரின் முன்சில்லைத் தாங்கும் சுழல்முனை மேலும் கீழும் திருகுமரை கொண்டது. கராஜ்களில் இதனை 'ட்றனியன்' என்பர். சில்லு திரும்புந்தோறும் அந்த மரை உராயும். கிறீஸ் இருக்கும்வரை அது நெடுங்காலம் உழைக்கும். கிறீஸ் வற்றினால் மரை தேய்ந்து, ஒருநாள் முற்றாகக் கழன்றுவிடும். அப்போது முன்சில்லு வண்டியின் அடியில் மடங்கி விழும். இந்த வண்டியைப் பற்றிப் பல நாட்டினரும் அறிந்த பழுது இது. மாரிகால வெள்ளத்தில் சில்லு மூழ்கினால் கிறீஸ் கழுவுண்டு போகும். கோடைப் புழுதியோ அதை அரைக்கும் மணலாக்கிவிடும். ஆதலால் ஆயிரம் மைலுக்கு ஒருமுறையும், வெள்ளம் கடந்த பின்னரும், பழைய கிறீஸ் பிதுங்கி வெளியேறும்வரை புதியதை ஏற்றுதல் வேண்டும். அவ்வேளை பாரம் இறங்கும்படி சில்லை உயர்த்தி வைப்பது நல்லது. அப்போதுதான் கிறீஸ் எல்லாப் பக்கமும் பரவும்.

கையில் உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றும் திறமையைக் குறைகூறுதல் தகாது. பழைய ரயரை வெட்டித் தகட்டுவில்லின் தொங்கலுக்கு றப்பர் செய்யலாம். வண்டி சற்றுச் சத்தமிடும், வேறு கேடில்லை. ஆனால், தேய்ந்த மரைக்கு ஒட்டும் ஒப்பேற்றலும் இல்லை. தகட்டுவில் தொங்கும் இடத்தையும், முறுகுகோல் பொருந்தும் இடத்தையும் துரு தின்றிருந்தால் அதற்கும் சாக்குப்போக்கு இல்லை. எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கலாகாது என்று பிரித்தறிவதே கராஜ்காரரின் மெய்யான தேர்ச்சி.

தடைகள் நீங்கி ஆண்டுகள் பல கடந்துவிட்டன. 2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, பழைய வண்டிகள் மீண்டும் மதிப்புப் பெற்றன. தேய்ந்த உறுப்புக்குப் புதியதை இன்று கடல்கடந்தும் வரவழைக்கலாம். ஆயினும், பொருள் கிடைப்பது எளிதாகும்போது பொறுமை அரிதாகிவிடுகிறது. பொருள் இல்லாத காலம் கற்பித்த பொறுமையைப் பொருள் உள்ள காலமும் போற்றுதல் வேண்டும்.

கண்டி வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் சந்நிதியிலே வண்டியை நிறுத்தி வணங்கிச் செல்வது ஓட்டுநர்களின் வழக்கம். கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, வண்டியை ஒருமுறை சுற்றிவந்து நான்கு ரயர்களையும் கையால் தடவிப் பார்த்தால் போதும். ஒரு மூலை தாழ்ந்து நிற்கிறதா, சில்லின் உட்புறத்தில் எண்ணெய் வழிந்திருக்கிறதா என்று குனிந்து நோக்கினால் போதும். இரண்டு நிமிட வேலைதான் அது. ஆயினும் வண்டியில் ஏறியிருப்போர் அத்தனை பேரும் வீடுபோய்ச் சேர்வது அதில் தங்கியிருக்கிறது.