சோற்றைக் குறைத்தால் மட்டும் போதாது
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவிலே, அதுவும் மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு, சீனி வருத்தத்தைப் பற்றிப் பேசும் பொறுப்பு எங்கள் வகுப்புக்கு வந்திருக்கிறது. யாருடைய பசியையும் கெடுப்பது எங்கள் நோக்கமல்ல. நன்றாகச் சாப்பிடுவது எப்படி என்பதைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

எங்கள் சங்கம் தொடங்கிய காலத்தை ஒட்டித்தான் இந்த வருத்தத்தின் வரலாறும் திரும்பியது. 1922 ஜனவரியில், கனடாவின் ரொறன்ரோ நகரில், லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். அதற்கு முன் வைத்தியர்களின் கையில் இருந்த பெரிய ஆயுதம் உணவுக் கட்டுப்பாடுதான். மாப்பொருளை நிறுத்தினார்கள், பிறகு உணவையே ஏறக்குறைய நிறுத்தினார்கள். பிள்ளைகள் எலும்பும் தோலுமாகச் சில காலம் கூடுதலாக உயிர் வாழ்ந்தார்கள். இன்சுலின் வந்தபின் அந்தப் பட்டினி ஒழிந்தது. ஆகவே இன்று உணவைப் பற்றிப் பேசும்போது பட்டினியைப் பற்றிப் பேசவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த பெரிய ஆய்வொன்றில், 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் தமக்கு அது இருப்பதை அறியாமலே இருந்தார்கள். அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில் நடந்தது. விடுபட்ட இரண்டு மாகாணங்கள் வடக்கும் கிழக்கும். யுத்த காலம், எங்களை யாரும் எண்ணவில்லை. பின்னர் 2018, 2019இல் நடந்த தேசிய ஆய்வில் வளர்ந்தவர்களில் 23 சதவீதமானோருக்கு நீரிழிவு காணப்பட்டது. இரண்டு ஆய்வுகளையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஆனால் நாலு பேர் கூடினால் ஒருவருக்கு என்ற நிலையை நாடு நெருங்கிவிட்டது. இந்த மண்டபத்தின் கதிரை வரிசைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் நெல் விளையும் ஊர். படுவான்கரையில் விளைந்த நெல்லை எழுவான்கரையும் சேர்ந்து சாப்பிட்டது. விடிய முன் வயலுக்குப் போய், சேற்றில் நின்று, வெயிலில் வெட்டி, சூடு அடித்த அப்பப்பாவுக்கு மூன்று வேளையும் சோறு தேவைப்பட்டது. அது அவருடைய உடம்பில் எரிந்தும் போனது. இன்று வயலில் இயந்திரம் வெட்டுகிறது. பேரன் மோட்டார் சைக்கிளில் போய் அதைப் பார்த்துவிட்டு வருகிறான். கோப்பையிலே விழும் சோறு மட்டும் குறையவில்லை. இடையில் வந்த யுத்தமும் 2004 சுனாமியும் எங்களை முகாம்களில் இருத்தின. நிவாரணமாகக் கிடைத்தவை அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். உயிரைக் காப்பாற்றிய சாமான்கள் அவை. அவற்றைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் இரவில் ரொட்டி, காலையில் பாண், இடையில் சீனித் தேத்தண்ணி என்ற பழக்கம் முகாமை விட்டு வந்த பிறகும் எங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

மனையியல் ரீச்சர் படிப்பித்த காபோவைதரேற்றைக் கொஞ்சம் நினைவுபடுத்துவோம். அவித்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் காபோவைதரேற்று இருக்கிறது. ஒரு கப் சோறு என்றால் 40 கிராமுக்குச் சற்று மேலே. சமிபாடடைந்த பிறகு அது எட்டுத் தேக்கரண்டி சீனிக்குச் சமமாகக் குருதியில் வந்து சேர்கிறது. எங்கள் ஊர்க் கோப்பையில் மூன்று கப் சோறு சாதாரணம். ஒரு நாள் முழுவதற்கும் 130 கிராமுக்குக் குறைவாகக் காபோவைதரேற்று உண்பதைத்தான் குறை காபோவைதரேற்று உணவு என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கு எங்களுக்கு மத்தியானத்தோடு முடிந்துவிடுகிறது.

“நாங்கள் குத்தரிசிதானே சாப்பிடுகிறோம்” என்று கிளினிக்கில் சொல்வார்கள். தவிட்டோடு கூடிய சிவப்பரிசி நல்லது, நார்ச்சத்து உண்டு, சீனி சற்று மெதுவாக ஏறும். ஆனால் மூன்று கப் என்றால் அதுவும் மூன்று கப்தான். குரக்கனும் அப்படியே. 100 கிராம் குரக்கன் மாவில் 70 கிராமளவு காபோவைதரேற்று இருக்கிறது. வெள்ளைப் பிட்டைக் குரக்கன் பிட்டாக மாற்றிவிட்டு அளவைக் கூட்டினால் வருத்தம் ஏமாறாது. கிளினிக்குக்கு மூன்று நாள் முன்பிருந்து மட்டும் விரதம் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். வெறும் வயிற்றுச் சீனி அதற்கு மயங்கலாம். எச்.பி.ஏ.1.சி மயங்காது; அது ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைச் சொல்லிவிடும்.

இனி, நாங்கள் இன்று சொல்ல வந்த முக்கியமான விடயம்.

சீனி வருத்தக்காரருக்கு எல்லோரும் சொல்லும் புத்திமதி “சோற்றைக் குறை” என்பது. ஆண்களுக்கு அதைச் செய்துகொடுக்க வீட்டில் ஆள் உண்டு. பெண்களுக்கு? எங்கள் வீடுகளில் மீன் ஆணம் கொதித்து இறங்கியதும் நடுத்துண்டு யாருக்குப் போகிறது? வேலைக்குப் போகும் மனுசனுக்கு, படிக்கிற மகனுக்கு, வந்த விருந்தாளிக்கு. பிள்ளைகள் சாப்பிட்டு, மாமி சாப்பிட்டு, கடைசியில் மூன்று மணிக்கு அம்மா சட்டிக்கு முன்னால் இருக்கிறாள். தலையும் வாலும் குழம்பும் மிஞ்சியிருக்கும். பானையில் சோறும் மிஞ்சியிருக்கும். வீணாகப் போகக்கூடாதே என்று அந்தச் சோற்றைக் குழம்பில் பிசைந்து வயிற்றை நிரப்புகிறாள். அவளிடம் சோற்றைக் குறை என்றால் அது பட்டினி இரு என்று சொல்வதாகும். இரண்டு நாள் இருப்பாள். மூன்றாம் நாள் கை நடுங்கும், பிஸ்கட் பெட்டியைத் திறப்பாள். பிறகு “என்னால் கட்டுப்பாடாக இருக்க முடியவில்லை” என்று தன்னையே நொந்துகொள்வாள்.

அவளுடைய மனவுறுதியில் குறையில்லை. கோப்பையில் சோறு குறைந்த இடத்தில் வேறு ஒன்றும் விழவில்லை என்பதுதான் குறை. சோறு இறங்க வேண்டுமானால் மீனும் முட்டையும் கீரையும் ஏற வேண்டும். ஆகவே நீரிழிவு உள்ள பெண்ணுக்கு நாங்கள் எழுதும் முதல் மருந்து இது: நடுத்துண்டு மீன் ஒன்று, மத்தியானம், மற்றவர்களோடு சேர்ந்திருந்து.

இதற்கு வெளிநாட்டுச் சாமான் எதுவும் தேவையில்லை. எங்கள் வாவி இருக்கிறது. ஒட்டியும் மணலையும் திரளியும் இறாலும் நண்டும் தரும் வாவி அது. மீனில் காபோவைதரேற்று இல்லை. 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் உண்டு. பெரிய மீன் விலை என்றால் சிறிய மீன் இருக்கிறது, நெத்தலி இருக்கிறது. கருவாட்டையும் கூனியையும் மட்டும் உப்புக்காக அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். பிறஷரும் சீனியும் கூடிப் பிறந்தவை.

காலையில் ஒரு குழல் பிட்டுக்குப் பதில் கால் குழல் பிட்டும், இரண்டு முட்டையோ மீன் கறியோ போதும். அவித்த கௌப்பி அல்லது கடலை ஒரு சிறு கிண்ணம், தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் வெங்காயமும் போட்டுத் தாளித்தால் அதுவும் ஒரு காலைச் சாப்பாடு. மத்தியானம் கோப்பையின் பாதியை முருங்கையிலைச் சுண்டல், பொன்னாங்காணி, வல்லாரைச் சம்பல், கத்தரி, வெண்டி, பாகல் என்று நிரப்பிவிடுங்கள். கால்வாசிக்கு மேல் மீன். மிஞ்சிய இடத்தில் சோறு. முதலில் மரக்கறியையும் மீனையும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றைத் தொட்டால், சோறு தானாகவே குறையும். மரவள்ளியும் உருளைக்கிழங்கும் பலாக்கொட்டையும் மரக்கறிக் கணக்கில் வரா. அவை சோற்றுக் கணக்கு. இரவில் மீன் சொதியும் கீரையும், தேவைப்பட்டால் உள்ளங்கையளவு ரொட்டியும்.

தயிரைப் பற்றிச் சொல்லாமல் போனால் மட்டக்களப்பார் மன்னிக்க மாட்டார்கள். சோற்றின் கடைசியில் எருமைத் தயிர், வாழைப்பழம், சீனி போட்டுப் பிசைந்து சாப்பிடுவது எங்கள் பெருமை. தயிரில் குற்றமில்லை; அதைச் சுற்றி நிற்கும் மூவரில்தான் இருக்கிறது. தயிரைத் தனியாக எடுத்து, வெள்ளரிக்காயும் வெங்காயமும் உப்பும் போட்டுச் சம்பலாக்கிப் பாருங்கள். சீனிச் சோறு பெருநாளுக்கு இரண்டு கவளமாக இருக்கட்டும்.

தேத்தண்ணி நாலு கப், கப்புக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் நாளுக்கு 40 கிராம். ஒரே நாளில் விட முடியாவிட்டால் வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி குறையுங்கள், நாக்கு பழகிவிடும். கடையில் வாங்கும் சோடாப் போத்தல்களில் 2016 முதல் நிறப் பொட்டு போடவேண்டும் என்பது சட்டம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. பிள்ளைகளுக்கு அந்தப் பொட்டைக் காட்டிக் கொடுங்கள்.

விரத நாட்களில் இன்னொரு பொறி இருக்கிறது. மீன் இல்லாத வெள்ளிக்கிழமையில் சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம், பாயாசம் என்று கோப்பை முழுவதும் மாப்பொருளாகிவிடுகிறது. மரக்கறி நாளில் கடலை, பயறு, சோயா, தயிர், கீரை ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். கந்தசஷ்டியோ நோன்போ பிடிக்க விரும்புபவர்கள் முதலில் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஏனென்றால் ஓர் ஆபத்து உண்டு. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர்களும், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசை எடுப்பவர்களும், மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் குறைத்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எம்பாகிளிப்ளோசின், டாபாகிளிப்ளோசின் எடுப்பவர்கள் மாப்பொருளை மிகக் கடுமையாகக் குறைத்தால் குருதியில் அமிலம் கூடலாம். கர்ப்பிணிகளும், சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும், சிறு வயதிலேயே இன்சுலினில் இருப்பவர்களும் தாமாக எதையும் தொடங்கவேண்டாம். யாருமே குளிசையைத் தாமாக நிறுத்தவேண்டாம். உணவை மாற்றப்போகிறோம் என்று கிளினிக்கில் சொன்னால் மருந்தை அதற்கேற்ப மாற்றித் தருவார்கள்.

வீட்டில் இரண்டு சமையல் வேண்டாம். நோயாளிக்குத் தனிச் சட்டி வைத்தால் ஒரு மாதத்தில் அது நின்றுபோகும். அவரும் தனிமைப்பட்டுப் போவார். சீனி வருத்தக்காரரின் சாப்பாடு என்று நாங்கள் சொன்னது மீனும் கீரையும் கொஞ்சச் சோறும்தானே? அது முழு வீட்டுக்கும் நல்ல சாப்பாடு. ஓடி விளையாடும் பிள்ளை இன்னொரு அகப்பை சோறு போட்டுக்கொள்ளட்டும். பானை ஒன்று, அளவு வேறு.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பனிலும் இருந்து இதை வாசிக்கப்போகும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் உடல்வாகு குளிர் நாட்டுக்குப் போனதால் மாறுவதில்லை. தென்னாசியருக்கு உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்று இங்கிலாந்தின் சுகாதார வழிகாட்டிகளே சொல்கின்றன. 2017இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், நீரிழிவு வந்து ஆறு வருடத்துக்குள் உணவை மாற்றி நிறையைக் குறைத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஒரு வருடத்தில் குளிசையில்லாமலே சீனி நல்ல நிலைக்கு வந்தது. ஆரம்பத்திலேயே தொடங்குவதன் பலன் அது. தாமதித்தால் விழித்திரையும் சிறுநீரகமும் காலும் விலை கொடுக்கின்றன. பாதத்தில் முள் ஏறியதும் தெரியாமல் வருபவர்களைப் பார்க்கும்போது எங்களுக்கு ஏற்படும் வேதனை, அந்த முள் ஏறுவதற்குப் பத்து வருடம் முன்பே இதைப் பேசியிருக்கலாமே என்பதுதான்.

ஆகவே சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள். எங்கள் கூட்டங்களில் தேத்தண்ணி சீனியில்லாமல் வரட்டும்; சீனி வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும். 35 வயதைக் கடந்த அங்கத்தவர்கள் அனைவரும் வருடத்தில் ஒருமுறை சீனி பார்ப்பதை ஒரு கடமையாக ஏற்போம். பிள்ளைப்பேற்றின்போது சீனி வந்தவர்கள் எந்த வயதிலும் பார்க்கவேண்டும், அவர்களுக்குப் பின்னாளில் வரும் வாய்ப்புப் பல மடங்கு அதிகம். மூன்றாவது, வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் பெண் யார் என்று பார்த்து, அவளுக்குரிய மீன் துண்டை முதலிலேயே எடுத்து மூடிவைக்கும் பழக்கத்தை எங்கள் பிள்ளைகளுக்கு, விசேடமாக ஆண் பிள்ளைகளுக்கு, படிப்பிப்போம்.

எல்லோருக்கும் பசிக்கிறது என்று தெரிகிறது. கீழே சாப்பாடு தயாராக இருக்கிறது. மரக்கறிப் பக்கமிருந்து வரிசையைத் தொடங்குங்கள்.