கொட்டிய மருந்தும் குடிக்கும் தண்ணீரும்
(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





பூச்சிமருந்து டப்பா கவிழ்ந்தால் பலரும் செய்வது என்ன? வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார்கள். தரை சுத்தமாகிவிடும். ஆனால் அந்தத் தண்ணீரே மருந்தை மண்ணுக்குள் இறக்கிவிடுகிறது.

அமெரிக்காவின் லாங் ஐலண்ட் தீவில் உருளைக்கிழங்கு வயல்களுக்கு ஆல்டிகார்ப் என்ற மருந்தை இட்டு வந்தார்கள். 1979இல் அது குடிநீர்க் கிணறுகளிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. மண் மணற்பாங்கு, மருந்தோ நீரில் கரைவது. மழை அதைக் கீழே கொண்டுபோய்விட்டது. மருந்து வேர்ப்பகுதியைத் தாண்டி எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டியே கணிக்க, அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1984இல் பி.ஆர்.இசட்.எம். என்ற கணினி மாதிரியை வெளியிட்டது.

அது நம் வீட்டு வரவு செலவுக் கணக்கு மாதிரிதான். மண்ணை அடுக்கடுக்காகப் பிரித்துக்கொள்ளும். நாள்தோறும் பெய்த மழை எவ்வளவு, ஆவியானது எவ்வளவு, மண்ணில் ஒட்டிய மருந்து எவ்வளவு, சிதைந்தது எவ்வளவு என்று கழித்து, மிச்சத்தை அடுத்த அடுக்கின் கணக்கில் எழுதும். குளோர்பைரிபாஸ் மண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும். அட்ரசின் நீரோடு எளிதாக நகரும்.

ஆனால் கணக்கு தவறும் இடங்களும் உண்டு. களிமண் வெடிப்பு, எலிவளை வழியாக மருந்து நேரே இறங்கிவிடலாம். ஒரே இடத்தில் மொத்தமாகக் கொட்டினால், மருந்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்களே செத்துவிடலாம். எனவே கணினி "பயமில்லை" என்றாலும் கிணற்று நீரைச் சோதித்தே ஆகவேண்டும்.

இன்னொன்று, கணினிக்குத் தகவல் கொடுப்பவர் மனிதர்தான். என்ன மருந்து, எவ்வளவு, எந்த இடம், எந்த நாள் என்பது கொட்டியவருக்கு மட்டுமே தெரியும். ஏச்சுக்குப் பயந்து அவர் மறைத்துவிட்டால் எந்தக் கணக்கும் உதவாது.

ஆகவே தண்ணீர் ஊற்றாதீர்கள். பிள்ளைகளை விலக்கி, கையுறை அணிந்து, உலர்ந்த மண்ணோ மரத்தூளோ போட்டு அள்ளி, மூடியுள்ள வாளியில் தனியே வையுங்கள். டப்பாவின் சீட்டைக் கிழிக்காமல் வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். கிணறு அருகில் இருந்தால், பரிசோதனை முடியும்வரை அந்த நீரைக் குடிக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பிவிடாதீர்கள்.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். நிலத்தடி நீர் நமக்கு மட்டும் சொந்தமல்ல; அண்டை வீட்டாரும் அதைத்தான் குடிக்கிறார்கள், அதில்தான் ஒளுச் செய்கிறார்கள். அது நம் கையிலுள்ள அமானிதம். அதைப் பேணும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.