அரை டாலருக்குள் ஒரு தடுப்பூசி

பணக்கார நாடுகளின் அறிவியல் ஏழை நாடுகளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று தீர்மானம் போடுவது புதிய விஷயமல்ல. 1979இல் வியன்னாவில் ஐக்கிய நாடுகள் சபை இதற்கென்றே ஒரு பெரிய மாநாடு கூட்டியது. அதற்குப் பின்னும் எத்தனையோ மாநாடுகள். அவற்றின் அறிக்கைகளைப் புரட்டுவதைவிட, ஆப்பிரிக்காவின் மூளையுறைக் காய்ச்சலுக்கான மென்ஆஃப்ரிவாக் என்ற ஒரேயொரு தடுப்பூசி எப்படி உருவானது என்று பார்ப்பது பயன் தரும். இத்தகைய ஒத்துழைப்பு எப்போது பலிக்கிறது, எப்போது வெறும் பேச்சாகிவிடுகிறது என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

மேற்கே செனகல் தொடங்கிக் கிழக்கே எத்தியோப்பியா வரை, சகாராவுக்குத் தெற்கே 26 நாடுகள் ஒரு பட்டைபோலக் கிடக்கின்றன. டிசம்பரில் ஹர்மத்தான் என்னும் வறண்ட புழுதிக்காற்று வீசத் தொடங்கினால் அங்கே மூளையுறைக் காய்ச்சல் கிளம்பும். மழை வந்தால்தான் அடங்கும். 1996, 97ஆம் ஆண்டுகளில் வந்த கொள்ளைநோயில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். ஏறத்தாழ 25,000 பேர் மாண்டார்கள். பிழைத்தவர்களிலும் பலருக்குக் காது கேட்காமல் போனது. பெரும்பாலும் இதற்குக் காரணம் ‘ஏ’ வகை மெனிஞ்சோகாக்கஸ் கிருமி. அதற்கு அப்போதே தடுப்பூசி இருந்தது. ஆனால் கிருமியின் மேலுறையான சர்க்கரைப் பொருளை மட்டும் கொண்டு செய்த ஊசி அது. கைக்குழந்தைகளின் உடல் அந்தச் சர்க்கரையைப் பகையென்று சரியாக அடையாளம் காணாது. பெரியவர்களுக்கும் பாதுகாப்பு சில ஆண்டுகளே நிற்கும். ஆகவே கொள்ளைநோய் வந்த பிறகு ஓடிப்போய்ப் போடத்தான் அது உதவியது. அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துவிட்டால் இந்தக் குறை தீரும் என்பது விஞ்ஞானிகளுக்குத் தெரியாத ரகசியமல்ல. பிரிட்டன் 1999இலேயே தன் பிள்ளைகளுக்கு ‘சி’ வகைக்கான பிணைப்புத் தடுப்பூசியைப் போடத் தொடங்கிவிட்டது. ஆப்பிரிக்காவின் ‘ஏ’ வகைக்குத்தான் வாங்குவதற்கு ஆள் இல்லை. அதனால் செய்வதற்கும் ஆள் இல்லை.

2001இல் உலக சுகாதார நிறுவனமும், பாத் என்ற தொண்டு அமைப்பும் கேட்ஸ் அறக்கட்டளையின் ஏழு கோடி டாலரோடு களத்தில் இறங்கின. திட்டத்தை நடத்தியவர் மார்க் லாஃபோர்ஸ் என்ற மருத்துவர். அவர் முதலில் போனது ஆய்வுக்கூடத்துக்கு அல்ல, ஆப்பிரிக்க சுகாதார அதிகாரிகளிடம். ஒரு ஊசி அரை டாலரைத் தாண்டினால் எங்களால் கட்டுப்படியாகாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த விலைக்குப் பெரிய மருந்து நிறுவனங்கள் வரவில்லை. பிறகு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். சர்க்கரைப் பொருள் முதலில் நெதர்லாந்திலிருந்து வந்தது. பிணைக்கும் முறையை அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை விஞ்ஞானிகள் உருவாக்கியிருந்தார்கள். அது உரிமமாகக் கிடைத்தது. பிணைப்பதற்கான ரணஜன்னிப் புரதத்தை ஏற்கெனவே பெரிய அளவில் செய்துகொண்டிருந்தது புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட். அந்த நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கே போய் முறையைக் கற்று வந்தார்கள். மாலியிலும் காம்பியாவிலும் செனகலிலும் சோதனைகள் நடந்தன. 2010 டிசம்பரில் புர்க்கினா ஃபாசோவில் ஊசி போடும் இயக்கம் தொடங்கியபோது, விலை கேட்டபடியே அரை டாலருக்குள் இருந்தது.

விளைவையும் சொல்ல வேண்டும். முப்பது கோடிக்கும் அதிகமானவர்களுக்கு ஊசி போடப்பட்டது. 2017க்குப் பிறகு அந்தப் பட்டையில் ‘ஏ’ வகை நோய் உறுதியான ஒரு ஆளைக்கூடக் காணோம். கடும் வெயிலில், மின்சாரமில்லாத ஊர்களில், நாற்பது டிகிரி வெப்பத்திலும் நான்கு நாள் வரை கெடாது என்று 2012இல் அனுமதி கிடைத்ததும் சின்ன விஷயமல்ல. ஐஸ் பெட்டி தேடும் பாடு அந்த நான்கு நாளும் இல்லை.

இதெல்லாம் ஒரு பெரும் பணக்காரரின் தயவில் நடந்ததுதானே, இதில் ஒத்துழைப்பு எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தனி மனிதரின் பணப்பையை நம்பி ஒரு கண்டத்தின் ஆரோக்கியத்தை நடத்த முடியாது. ஆனால் இதைவிடப் பன்மடங்கு பணம் கொட்டியும் பலிக்காத உதவித் திட்டங்கள் உண்டு. இங்கே வேறாக இருந்தது வரிசைமுறை. பயன்படுத்தப் போகிறவர்கள் முதலில் விலையைச் சொன்னார்கள்; தொழில்நுட்பம் அந்த விலைக்குள் அடங்க வேண்டியதாயிற்று. வழக்கமாக நடப்பது தலைகீழ்: பொருளைச் செய்து முடித்துவிட்டு, மிச்சத்தை நன்கொடையாக அனுப்புவார்கள்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கற்றுக்கொண்டது புனே, ஊசி போட்டுக்கொண்டது ஆப்பிரிக்கா. ஒரு சார்பு போய் இன்னொரு சார்பு வந்தது, அவ்வளவுதானே? 2021 இதை அப்பட்டமாகக் காட்டியது. இந்தியாவில் கோவிட் இரண்டாம் அலை எழுந்ததும் தடுப்பூசி ஏற்றுமதி நின்றது. ஏழை நாடுகளுக்கும் கோவிட் தடுப்பூசியைப் பகிர்ந்தளிக்க அமைந்த கோவாக்ஸ் திட்டம் பெரிதும் நம்பியிருந்தது அதே சீரம் இன்ஸ்டிட்யூட்டைத்தான். ஆப்பிரிக்க நாடுகள் மாதக்கணக்கில் காத்திருந்தன. தன் மக்கள் செத்துக்கொண்டிருக்கையில் எந்த அரசும் அப்படித்தான் செய்யும் என்பது இந்தியாவுக்குச் சமாதானமாகலாம், காத்திருந்தவர்களுக்கு ஆகாது. அதே ஆண்டு கேப் டவுனில் எம்ஆர்என்ஏ நுட்பத்துக்கான மையத்தை உலக சுகாதார நிறுவனம் அமைத்தது. அங்கே அஃப்ரிஜென் நிறுவனம், அந்த நுட்பத்தில் கோவிட் தடுப்பூசி செய்த அமெரிக்க நிறுவனமான மாடர்னாவின் உதவியே இல்லாமல், அந்தத் தடுப்பூசியின் வெளியாகியிருந்த மரபுத் தகவலை வைத்து ஆய்வுக்கூட அளவில் தடுப்பூசியைச் செய்துகாட்டியது. திறமை அங்கே இருந்தது. கற்றுத்தர ஆள் வந்திருந்தால் எவ்வளவோ காலம் மிஞ்சியிருக்கும்.

ஆகவே மென்ஆஃப்ரிவாக் பாதி வெற்றி என்றே நான் மதிப்பிடுகிறேன். அந்தப் பாதியும் பெரிதுதான். ‘ஏ’ வகை ஒழிந்த இடத்தில் ‘சி’ வகை தலைதூக்கியது. 2015இல் நைஜரிலும் 2017இல் நைஜீரியாவிலும் அது கொள்ளைநோயாகப் பரவியது. இவை உட்பட ஐந்து வகைகளைத் தடுக்கும் புதிய ஊசியை 2024இல் முதன்முதலாக நைஜீரியா போடத் தொடங்கியது. அதுவும் புனேயிலிருந்து வந்ததே. 2040க்குள் தனக்கு வேண்டிய தடுப்பூசிகளில் 60 விழுக்காட்டைத் தன் மண்ணிலேயே செய்ய வேண்டும் என்று ஆப்பிரிக்க ஒன்றியம் இலக்கு வைத்திருக்கிறது. புதிய ஆலைகளின் ஊசி தொடக்கத்தில் புனே விலைக்குக் கிடைக்காது. அந்தக் கூடுதல் சென்ட்டுகளைச் சில ஆண்டுகளுக்கு யார் கட்டுவது என்பதைத்தான் அடுத்த மாநாடு பேச வேண்டும்.