துண்டுச் சீட்டும் விசாத் தாளும்

(போலாரத்தில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



போலாரத்துத் தமிழர்களாகிய நாம் யார்? பட்டாளத்தோடு வந்தவர்களின் பிள்ளைகள், தண்டவாளத்தோடு வந்தவர்களின் பிள்ளைகள், கட்டட வேலைக்கு நேற்று வந்து இறங்கியவர்கள். பிழைப்புக்காக எல்லை தாண்டுவது நமக்குப் புதிதல்ல. இன்று நம் பிள்ளைகள் பி.டெக்., எம்.சி.ஏ. படித்து அமெரிக்க வேலை விசாவுக்கு முயல்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் அந்த விசாவின் பெயரால் வீட்டுப் பத்திரம் அடகுக்குப் போகிறது, தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. ஆகவேதான் இந்தப் பேச்சு.

முதலில் நம் மக்களின் பழைய வரலாறு ஒன்றை நினைவுபடுத்துகிறோம். இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழர்களை அழைத்துப்போனவன் கங்காணி. வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் கடன். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் பணத்தைக் கட்டும். அது மறுபடியும் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறும். தோட்டம் மாறியது, கடன் மாறவில்லை. 1921-இல் சட்டம் போட்டுத்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

ஒழிந்துபோன அந்தத் துண்டை, படித்த நம் பிள்ளைகள் இன்று தாமே எழுதிக் கொடுக்கிறார்களோ என்பதுதான் நம் கவலை.

எச்-1பி என்னும் விசா 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. ஆண்டுக்கு 65,000 இடங்கள். அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்தவர்களுக்கு மேலும் 20,000. முதலில் மூன்று ஆண்டு, சாதாரணமாக ஆறு ஆண்டு வரை. கேட்பவர்கள் மிகப் பலர். ஆகவே மார்ச் மாதத்தில் பெயர் பதிவு, அதிலிருந்து தேர்வு.

இதில் மனுதாரர் யார்? நம் பிள்ளையா? இல்லை தோழர்களே, முதலாளி! பெயர் பதிவு செய்பவர் அவர். ஐ-129 ஃபாரத்தில் மனுதாரராகக் கையொப்பமிடுபவர் அவர். அதற்கு முன்பே அமெரிக்கத் தொழிலாளர் துறைக்கு அவர் எழுத்து மூலம் உறுதி தர வேண்டும். அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு நிலவும் சம்பளத்துக்குக் குறைக்கமாட்டேன் என்பது ஓர் உறுதி. அந்த இடத்தில் அந்த வேலையில் வேலைநிறுத்தம் நடக்கவில்லை என்பது இன்னோர் உறுதி. 1974 மே மாத ரயில் வேலைநிறுத்தத்தைக் கண்ட வீடுகள் இங்கே உண்டு. போராடுகிறவன் வயிற்றில் அடிக்க நம் பிள்ளையைக் கொண்டுபோகக் கூடாது என்று அந்நாட்டுச் சட்டமே சொல்வதைக் கவனியுங்கள். இந்த உறுதிமொழியின் நகலைத் தொழிலாளிக்குத் தர வேண்டியதும் முதலாளியின் கடமை.

பணம் கட்ட வேண்டியவர் யார்? 2025-இல் பதிவுக் கட்டணம் 215 டாலர் ஆயிற்று. மனுக் கட்டணமும் அந்த மனுவுக்கான வக்கீல் கட்டணமும் முதலாளியின் தொழில் செலவு. பயிற்சி நிதிக்கான கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்குவதற்கு அடியோடு தடை. 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப் ஓராண்டுக்கென அறிவித்த 1,00,000 டாலரும், வெளிநாட்டில் இருப்பவருக்குப் புதிதாக மனுப் போடும் முதலாளியின் பொறுப்புதான். தூதரகத்தில் கட்டும் விசாக் கட்டணம் வேறு. அது 2023 ஜூனில் 205 டாலர் ஆக்கப்பட்டது. 2008-இல் ஐதராபாத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகம் திறக்கும் வரை இதற்காகச் சென்னைக்கு ரயில் ஏறினார்கள். இன்று நானக்ராம்குடாவோடு முடிந்துவிடுகிறது.

அப்படியானால் இடைத்தரகர்கள் கேட்கும் லட்சங்கள் எந்தச் சட்டத்தின் கட்டணம்? நம் பகுதியில் ஓய்வுபெற்ற கேங்மேன் ஒருவர் பி.எஃப். பணத்தை எடுத்து ஓர் அலுவலகத்தில் கட்டினார். ரசீது கேட்டதற்கு, "நம்பிக்கை இல்லையா அங்கிள்?" என்றார்களாம். பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட்டுக்கே சீட்டுக் கொடுக்கும் இலாகாவில் ஆயுளைக் கழித்தவர் அவர். ரசீது தராத கைக்குப் பணம் தராதீர்கள். வெற்றுத் தாளில் கையொப்பமிடாதீர்கள். இல்லாத அனுபவத்துக்குச் சான்றிதழ் வாங்காதீர்கள். பொய்த் தகவல் பிடிபட்டால் அந்த நாட்டுக்குள் நுழையவே வாழ்நாள் தடை வரலாம். மாட்டுவது தரகர் அல்ல, நம் பிள்ளை.

அங்கே போன பிறகு? வேலை இல்லை, 'பெஞ்சில்' உட்கார், சம்பளம் கிடையாது என்று சொல்ல முதலாளிக்கு உரிமை இல்லை. வேலை தர இயலாதது அவர் பாடு. சம்பளம் தந்தாக வேண்டும். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறையாக வேலையில் இருப்பவர், புதிய முதலாளி மனுப் போட்டவுடன் அங்கே வேலை தொடங்கலாம். பழைய முதலாளியின் அனுமதிச் சீட்டு, அதாவது துண்டு, வேண்டாம். குறித்த நாளுக்கு முன் விலகினால் அபராதம் என்று மிரட்டவும் கூடாது. உண்மையான நஷ்டத்துக்கு மட்டும் ஈடு கேட்க இடமுண்டு. ஆகவே பாண்டில் எழுதியிருப்பதைப் படிக்காமல் ஒப்பமிடக் கூடாது. சம்பளம் தராவிட்டால், 12 மாதத்துக்குள் டபிள்யூ.எச்-4 ஃபாரத்தில் தொழிலாளர் துறைக்குப் புகார் தரலாம்.

ஆனாலும் கயிறு இன்னும் முதலாளி கையில்தான் இருக்கிறது. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதுவும் 2017-இல்தான் வந்தது. நிரந்தரக் குடியுரிமைச் சீட்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பு இருப்பதால் இந்தியர்களின் வெயிட்டிங் லிஸ்ட் பல்லாண்டு நீளுகிறது. அந்தக் காத்திருப்பில் பலர் வாய் திறக்க அஞ்சுகிறார்கள்.

இன்னொரு விசித்திரத்தையும் பாருங்கள். நம் சங்கத்தில் வளைகுடாவுக்குப் போகிறவர்களும் உண்டு. பத்தாவது தேறாதவருக்கு 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி ஐதராபாத்திலேயே ஒரு காப்பாளர் அலுவலகம் இருக்கிறது. குறிப்பிட்ட நாடுகளுக்கு அவர் போவதானால் அரசின் அனுமதி வேண்டும். பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். பத்து லட்ச ரூபாய்க் காப்பீடும் உண்டு. அந்தச் சட்டத்தையும் மீறுகிறவர்கள் இருக்கிறார்கள்; ஆனாலும் கேட்பதற்கு ஒரு வாசல் இருக்கிறது. பி.டெக். படித்தவர் விவரம் தெரிந்தவர் என்று அந்தச் சோதனையிலிருந்து விலக்கிவிட்டார்கள். அவருடைய ஒப்பந்தத்தைப் பார்க்க ஆளில்லை!

யார் பார்ப்பது? நாம்தான் பார்க்க வேண்டும். சில்கூர் பாலாஜி கோயிலில் விசாவுக்காகப் பதினொரு சுற்று சுற்றுகிறோம். சுற்றுவோம், அது அவரவர் நம்பிக்கை. ஒப்பந்தத்தையும் பதினொரு முறை படிப்போம். கையொப்பத்துக்கு முன் அந்தத் தாளைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். அங்கே போய் வந்த பிள்ளைகளும், ஃபாரங்களோடு பழகிய எங்களைப் போன்ற குமாஸ்தாக்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். முதலாளி பெயர், சம்பளம், வேலையிடம், கட்டணம், பாண்டு என்ற ஐந்தையும் சிவப்பு மையில் கோடிட்டுக் காட்டுவோம். போகிற பிள்ளை கடன்காரராக அல்ல, தொழிலாளியாகப் போகட்டும்.