கடைமடை வரை போகட்டும் நம் உதவி

(தஞ்சாவூர் தகவல் தொழில்நுட்ப அணிக் கூட்டத்தில் பேசியது)



2018 நவம்பர் 16. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த நாள். பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தன. ஊர் ஊராக இருட்டு.

அப்போ யார் வந்தாங்க? வெளிமாவட்ட மின்வாரிய ஊழியர்கள் சேற்று வயலில் இறங்கிக் கம்பம் நட்டாங்க. கேரளாவிலிருந்தும் ஊழியர்கள் வந்தாங்க. அந்த ஆகஸ்ட் வெள்ளத்தில் அங்கே தவித்த மக்களுக்கு இங்கிருந்து லாரி லாரியாகப் பொருள் போயிருந்தது. கூரை பறிபோன நம்ம ஜனங்களும், வந்தவங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டாங்க.

முகம் தெரியாதவருக்கு ஏன் உதவுகிறோம்? இரக்கம் மட்டும் காரணமில்லை. பட்டவனுக்குத்தான் அடுத்தவன் பாடு தெரியும். வாங்கின கை சும்மா இருக்காது.

ஆனா மனசு மட்டும் போதாது. கஜா நேரத்தில் மெயின் ரோட்டு ஊர்களிலேயே நிவாரண வண்டிகள் திரும்பத் திரும்ப நின்றன. உள்ளே தள்ளி இருந்த ஊர்கள் காத்துக் கிடந்தன. தலைமடையிலேயே தண்ணி தேங்கினா கடைமடைப் பயிர் என்ன ஆகும்? நமக்குச் சொல்லித் தரணுமா?

அதனால ஐப்பசி மழைக்கு முன்னாடியே ஒவ்வொரு கிளையும் பட்டியல் போடுங்க: உள்ளடங்கின தெருக்கள், தனியா இருக்கும் பெரியவங்க, ஜெனரேட்டர் வெச்சிருக்கவங்க. என்ன வேணும்னு கேட்டுட்டுக் கொண்டுபோங்க. எந்தக் கட்சின்னு கேட்காதீங்க. அரிசிப் பையோட நிற்க வெச்சுப் போட்டோ எடுக்காதீங்க. எந்த ஊருக்கு என்ன தேவை, அதை மட்டும் பதிவு போடுங்க.