வாளை வாங்கி வைக்கும் ஆசிரியர்



கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறிச் செல்லும் பெருவீதியிலே, கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்ததும் உயர்ந்ததொரு கோபுரம் தென்படும். அவ்வீதியை அமைப்பதில் முன்னின்ற கப்டன் டோசனின் நினைவாக 1832ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது அது. ஊரின் பெயரைப் பற்றியும் ஒரு செவிவழிக் கதையுண்டு. சிங்களத்திலே 'கடுவ' என்றால் வாள். மலைநாட்டு இராச்சியத்துக்குள் நுழைவோரிடமிருந்து வாளை வாங்கி வைத்த இடமாதலால் இப்பெயர் வந்தது என்பர்.

இந்த வாள் வேறோர் இடத்திலும் பேசப்படுகின்றது. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலே சிங்கள மாணவர் ஆங்கில மொழிக்கு இட்ட பட்டப்பெயரும் 'கடுவ' என்பதே. ஆங்கிலம் அறிந்தவன் அதை ஓங்குகிறான். அறியாதவன் வெட்டுண்கிறான் என்பது அதன் கருத்து. இதற்குக் காரணமில்லாமலில்லை. 1945இல் இலவசக் கல்வி வரும்வரை ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கட்டணம் செலுத்த வல்லவரின் பிள்ளைகளுக்கே கிட்டியது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கிற்று. ஆனால் சட்டத்தில் இணைப்பாக எழுதப்பட்ட மொழி, வகுப்பறையில் வாளாகவே இருந்துவிட்டால் யாரை யாரோடு இணைக்கும்?

கடுகண்ணாவையையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்கொள்வோம். இங்கே சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஒரு முஸ்லிம் சிறுமி வீட்டிலே தமிழ் பேசுகிறாள். கடைத்தெருவிலே சிங்களம் பேசுகிறாள். குர்ஆன் மதரசாவிலே அரபு ஓதுகிறாள். பாடசாலையிலே ஆங்கிலம் படிக்கிறாள். இவளை 'ஆங்கிலம் தெரியாத பிள்ளை' என்று சொல்வது எளிது. மூன்று மொழியொலிகளுக்குப் பழகிய பிள்ளை நான்காவதன் வாயிலில் நிற்கிறாள் என்று காண்பதே ஆசிரியரின் கண்.

அந்தக் கண்ணைச் சக ஆசிரியருக்குத் திறந்து வைக்கும் பொறுப்பு ஆசிரிய ஆலோசகருடையது. அனுபவம் வாய்ந்த ஆசிரியர்களிலிருந்து தெரிவு செய்யப்பட்டு, பாடசாலை தோறும் சென்று, கற்பித்தலுக்குத் துணை நிற்பவர் இவர். 1990களின் பிற்பகுதியில் பிரித்தானிய உதவியோடு தொடங்கிய ஆரம்ப ஆங்கிலத் திட்டத்தின் பயனாகப் பிரதேச ஆங்கில உதவி நிலையங்களும் நாட்டில் ஏற்பட்டன. ஏற்பாடுகள் இருக்கின்றன. அவை வகுப்பறைக்குள் எவ்வாறு நுழைகின்றன என்பதே கேள்வி.

ஓர் உதாரணம் பார்ப்போம். சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இளம் ஆசிரியை ஒருவர் தமிழ்மொழிப் பாடசாலையிலே ஆங்கிலம் கற்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குண்டூசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் உரிய இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பிள்ளைகள் மாற்றி மாற்றி உச்சரிக்கின்றனர். ஆசிரியைக்கு இது கவனமின்மையாகத் தோன்றுகிறது. உண்மையில், அவ்விரு சொற்களையும் தமிழெழுத்தில் எழுதப் புகுந்தால் இரண்டும் 'பின்' என்றே வரும்! சிங்களத்திலோ அவ்விரண்டு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்துண்டு. ஆகவே ஆசிரியைக்கு இயல்பாகக் கேட்கும் வேறுபாடு பிள்ளையின் எழுத்திலே இல்லை. இதை அறிந்த கணமே கோபம் தணிகிறது, பயிற்சி பிறக்கிறது.

மற்றொன்று. 'மேசையின் மேல்' என்று தமிழிலே 'மேல்' பின்னால் வருகின்றது. சிங்களத்திலும் 'மேசய உட' என்று அவ்வாறே. ஆங்கிலத்திலே அச்சொல் முன்னால் வருகின்றது. இங்கே ஆசிரியையும் மாணவரும் ஒரே படகிலே இருக்கின்றனர். தாம் இதனைக் கற்ற வழியையே அவர் அவர்களுக்குக் காட்டலாம்.

இவற்றை ஆலோசகர் எவ்வாறு எடுத்துச் சொல்வது? பின் வாங்கிலே அமர்ந்து, குறிப்பேட்டில் குறைகளை எழுதி, அதிபரின் அறையிலே படித்துக் காட்டிவிட்டுப் போகலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, பரீட்சைப் பெறுபேற்றை அளந்து பாடசாலைக்கு உதவிப்பணம் வழங்கிய காலத்துப் பரிசோதகரின் வழி அது. அந்த அச்சம் நம் ஆசிரியர் மனத்திலிருந்து இன்னும் முற்றாக அகலவில்லை. ஆங்கில ஆசிரியருக்கோ இரட்டை அச்சம். தமது கற்பித்தலோடு தமது ஆங்கிலமும் அளக்கப்படுமே என்று அஞ்சுகிறார். அப்பொழுது ஆலோசகரின் கையிலும் வாள் வந்துவிடுகிறது. ஆசிரியரை அது வெட்டினால், அடுத்த பாடவேளையில் அவர் அதைப் பிள்ளையின்மீது ஓங்குவார்.

வேறு வழியும் உண்டு. ஆலோசகர் வகுப்புக்கு முன்பே ஆசிரியையோடு அமர்ந்து, 'இன்று எதைக் கவனிக்கட்டும்?' என்று வினவலாம். சுண்ணக்கட்டியைத் தாமே கையிலெடுத்து ஒரு பாடத்தை நடத்தி, அதிலே தாம் தவறிய இடத்தையும் ஒளிக்காமல் சொல்லலாம். அடுத்த கிழமை ஆசிரியை அதனைச் செய்து பார்க்க, இருவரும் கலந்து பேசலாம். அமெரிக்கக் கல்வியாளர்களான புரூஸ் ஜொய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்போர் 1980களில் வற்புறுத்தியதும் இதுவே. விரிவுரை கேட்டதனால் மட்டும் கற்பித்தல் மாறுவது அரிது. செய்து காட்டலும், பயிற்சியும், அருகிருந்து துணை புரிதலும் வேண்டும் என்றனர்.

ஒரு தடை உண்டு. ஓர் ஆலோசகருக்குப் பல பாடசாலைகள். படிவங்களோ அதனினும் பல. இங்கேதான் அதிபரின் கடமை தொடங்குகின்றது. கிழமைக்கு ஒரு பாடவேளையை ஒதுக்கி, ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்க வழி செய்தல் அதிபரின் கையிலுள்ளது. அயலிலுள்ள சிங்களப் பாடசாலையின் ஆங்கில ஆசிரியரும் தமிழ்ப் பாடசாலையின் ஆங்கில ஆசிரியரும் மாதமொருமுறை கூடினால், தத்தம் பிள்ளைகளின் மொழியை ஒருவருக்கொருவர் விளக்கலாம். இதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை. ஒரு மேசையும் ஒரு மணி நேரமும் போதும்.

ஒரு காலத்திலே கடுகண்ணாவையில் வாளை வாங்கி வைத்தார்களோ இல்லையோ, இன்று அங்கே அப்பணி நடைபெற வேண்டியிருக்கிறது. அதனைச் செய்யவேண்டியவர், சக ஆசிரியரின் தோளருகே நின்று கற்பிக்கும் ஆசிரியர். அவர் வந்து போன பின்னர், முன்பு வாய் திறவாத பிள்ளை ஒன்று பிழையோடாயினும் ஒரு வாக்கியம் பேசுமாயின், அவர் வந்த காரியம் நிறைவேறியது.