விட்டுவிட்டு வரும் காய்ச்சல்

மாத்திரை போட்டால் இறங்கும், இரண்டு நாள் கழித்து மறுபடி ஏறும். இப்படி மூன்று வாரம் இழுத்துக்கொண்டே போகும் காய்ச்சலுக்கு இதயமும் காரணமாக இருக்கலாம்.

1911 பிப்ரவரி 21. நியூயார்க்கின் கார்னகி அரங்கில் இசைமேதை குஸ்தாவ் மாலர் காய்ச்சலோடு மேடையேறி இசைக்குழுவை நடத்தினார். அதுவே அவருடைய கடைசிக் கச்சேரி. அவருடைய இதய வால்வில் பழுது இருப்பது முன்பே தெரியும். இமானுவேல் லிப்மன் என்ற மருத்துவர் சந்தேகப்பட்டு, ரத்தம் எடுத்துக் கல்ச்சர் செய்ய, அதாவது அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க, ஏற்பாடு செய்தார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வளர்ந்தது. இதய வால்வில் கிருமித் தொற்று என்று நோய் தெரிந்துவிட்டது, மருந்துதான் இல்லை. பெனிசிலின் கண்டுபிடிக்கப்படவே இன்னும் 17 ஆண்டுகள் இருந்தன. மே 18 அன்று மாலர் வியன்னாவில் காலமானார்.

வழவழப்பான நல்ல வால்வில் கிருமி எளிதில் ஒட்டாது. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் வால்வில் தழும்பு விட்டுப்போயிருந்தால், அது கிருமிக்கு வசதியான திண்ணை. பிறவிக் குறையுள்ள வால்வும், பொருத்திய செயற்கை வால்வும் அப்படித்தான். பல நேரங்களில் கிருமி கிளம்புவது வாயிலிருந்து. சொத்தைப் பல், வீங்கிய ஈறு வழியாக ரத்தத்தில் கலக்கிறது. தோலில் குடியிருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் இன்னும் முரடு. டயாலிசிஸ் குழாய், போதை ஊசி வழியாக நுழைந்து, நல்ல வால்வையும் சில நாட்களில் அரித்துவிடும்.

இந்தத் தொற்று வந்தால் காய்ச்சலோடு இரவில் வியர்க்கும், உடம்பு இளைக்கும், மூச்சு வாங்கும். சிலருக்கு நகத்தடியில் சிலாம்பு ஏறியதுபோல் செங்கருப்புக் கீற்று தெரியும். விரல் நுனியில் தொட்டால் வலிக்கும் சிறு முடிச்சும் வரலாம். அதற்கு மருத்துவர் வில்லியம் ஆஸ்லரின் பெயர். கையைப் பிடித்துப் பார்க்கும் டாக்டருக்குத்தான் இவை கண்ணில் படும். வால்வில் கிருமி சேர்ந்து திரண்ட கட்டியிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

கண்டுபிடிக்க முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ ஸ்கேன், தேவைப்பட்டால் உணவுக்குழாய் வழியாகவும் பார்ப்பார்கள். மற்றொன்று, லிப்மன் ஏற்பாடு செய்த அதே ரத்தக் கல்ச்சர். வெவ்வேறு இடங்களில் மூன்று முறையாவது ரத்தம் எடுப்பார்கள். இங்கேதான் நம் பழக்கம் குறுக்கே நிற்கிறது. கடையில் கேட்டு வாங்கிய நாலு ஆன்டிபயாட்டிக் மாத்திரை நோயைத் தீர்க்காது, ஆனால் கல்ச்சரில் கிருமி வளரவிடாமல் செய்துவிடும். சிகிச்சையோ பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம், அதுவும் நரம்பில் ஊசியாக. சிலருக்கு அறுவையும் வேண்டியிருக்கும்.

வால்வில் பழுதுள்ளவர்கள் பல் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். காய்ச்சல் வந்தால், மாத்திரைக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.